வந்தான் வரத்தான் யார்?

கொழும்பு மாநகரின் கடைத்தெருக்களிலும் பேருந்துத் தரிப்பிடங்களிலும் அடிக்கடி காதில் விழும் சொற்றொடர் 'வந்தான் வரத்தான்' என்பது. வீட்டு வாடகை உயர்ந்தாலும், தெருவிலே குப்பை சேர்ந்தாலும், பாடசாலையிற் பிள்ளைக்கு இடம் கிடையாது போனாலும், பழி சென்று சேரும் இடம் வந்தான் வரத்தானே. இப்படிச் சொல்பவரின் பூர்வீகத்தை விசாரித்தால், அவருடைய பாட்டனாரும் யாழ்ப்பாணத்திலிருந்தோ காலியிலிருந்தோ காயல்பட்டினத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்தவராகவே பெரும்பாலும் இருப்பார். முன்னே வந்தவன் பின்னே வந்தவனை வரத்தான் என்கிறான். ஐம்பது ஆண்டு முந்தி வந்தமை ஒருவனுக்கு உரிமையையும், ஐந்தாண்டு முந்தி வந்தமை மற்றொருவனுக்கு இகழ்ச்சியையும் தருமாயின், ஒரு நகரத்தின் மீது மனிதனுக்குள்ள உரிமைக்கு அடிப்படை யாது? காலமா, பிறப்பா, மொழியா, உடைமையா, உழைப்பா? இக்கேள்வியையே ஈண்டு ஆராய முற்படுகின்றோம். வெறும் கோட்பாடாக வைத்து ஆராயாது, கொழும்பின் வடபாலுள்ள கிராண்ட்பாஸ் பகுதியை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்தல் பயன் தரும் என்று எண்ணுகின்றோம்.

கிராண்ட்பாஸ் என்ற பெயரே வருகையின் பெயர். களனி கங்கையைக் கடக்கும் பெருந்துறை என்னும் பொருளிற் போர்த்துக்கேயர் இட்ட பெயர் அது. சிங்கள மக்கள் அதன் ஆற்றோரப் பகுதியைத் தொட்டலங்க என்பர். துறைக்கு அருகே என்பது அதன் பொருள். தோணிகளை வரிசையாகப் பிணைத்து அமைத்த பாலம் ஒன்று 1822 இல் இங்கே தோன்றிற்று. 1895 இல் விக்டோரியாப் பாலம் அதன் இடத்தைப் பெற்றது. கண்டி மலைகளிலே கோப்பிப் பயிர் செழித்திருந்த காலத்தில், 1867 இற் கண்டிக்குப் புகையிரதம் செல்லும் வரை, மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் இத்துறையைக் கடந்தே கொழும்பை அடைந்தன. தலைநகரின் செல்வம் நுழைந்த வாயில் இது. ஆயின் நகரத்தின் சிறப்பைப் பேசுவோர் கொள்ளுப்பிட்டியையும் கறுவாத் தோட்டத்தையும் பேசுவாரேயன்றிக் கிராண்ட்பாஸைப் பேசுவதில்லை.

அவ்வாயிலில் நடைபெற்ற வேலையைச் சற்று நினைத்துப் பார்ப்போம். மலையிலிருந்து வந்த கோப்பி அப்படியே கப்பலேறவில்லை. கொழும்புக் கிட்டங்கிகளில் அது உலர்த்தப்பட்டது, தோல் நீக்கப்பட்டது, பெண்கள் வரிசையாக அமர்ந்து கொட்டைகளைத் தரம் பிரித்தனர். கோப்பி நோயினால் அழிந்தபின் தேயிலை வந்தது. 1883 இற் கொழும்பிலே தேயிலை ஏலம் தொடங்கிற்று. கிராண்ட்பாஸிலும் அதன் அயலிலும் தேயிலைக் கிட்டங்கிகள் எழுந்தன. பெட்டியை இறக்குதல், கலத்தல், அடைத்தல், மீண்டும் ஏற்றுதல் என்னும் வேலைகளுக்கு ஓயாது கைகள் வேண்டியிருந்தன. துறைமுகத்தின் கதையும் இதுவே. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அலைதாங்கியின் முதற்கல்லை நாட்டினார். பத்தாண்டு வேலைக்குப் பின் 1885 இல் அது நிறைவுற்றது. முதற்கல்லை நாட்டியவரின் பெயரை வரலாறு பத்திரமாக வைத்திருக்கிறது. எஞ்சிய கற்களைக் கடலில் இறக்கியோர் கணக்கேட்டில் நாட்கூலிகளாக மட்டுமே பதிவாயினர். கப்பலுக்குக் கரி சுமந்தவரும், அரிசி மூட்டை இறக்கியவரும், மாநகர சபையின் மலவாளியைத் தலையிலும் வண்டியிலும் கொண்டு சென்றவரும், வீதிகளைக் கூட்டியவரும் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்தோரே. அவர்களோடு மலையாளத் தொழிலாளர் ஆலைகளிலும் கள்ளிறக்கும் தோட்டங்களிலும் உழைத்தனர். காலி, மாத்தறைப் பகுதிகளிலிருந்து வந்த சிங்களத் தொழிலாளரும் அருகே நின்று உழைத்தனர்.

உடலுழைப்பு மாத்திரம் வரவில்லை. 1930 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் 'வீரகேசரி'யைத் தொடங்கிய சுப்பிரமணியம் செட்டியாரும் தமிழகத்திலிருந்து வந்தவரே. அப்பத்திரிகையின் காரியாலயம் நெடுங்காலமாகக் கிராண்ட்பாஸ் வீதியில் இயங்கி வருகின்றது. ஈழத்துச் சிறுகதை வளர்ந்த கதையை எழுதுவோர் அப்பத்திரிகையின் பக்கங்களைப் புரட்டாது எழுதவியலாது. எனவே வந்தவர்கள் நகரத்திற்குக் கையைத் தந்தனர். தமிழர்க்கு நாவையும் தந்தனர்.

இனி இவ்வருகையின் பொருளாதார இரகசியத்தை நோக்குவோம். வந்த தொழிலாளி ஏன் மலிவாகக் கிடைத்தான்? அவன் இயல்பாகவே குறைந்ததில் திருப்தியடைபவன் என்று முதலாளி சொல்வான். அது பொய். ஒரு மனிதன் உழைக்கும் வயதை அடையப் பதினைந்து இருபது ஆண்டுகள் செல்கின்றன. அவனைப் பெற்று, பாலூட்டி, நோயிற் காத்து வளர்த்த செலவு முழுவதையும் திருநெல்வேலியிலோ திருச்சிராப்பள்ளியிலோ உள்ள வறண்ட கிராமம் ஏற்றுக்கொண்டது. அவன் நோயுற்றபோதும் மூப்படைந்தபோதும் அவனைத் தாங்க வேண்டிய பொறுப்பும் அக்கிராமத்திடமே திருப்பி அனுப்பப்பட்டது. இடைப்பட்ட வலிமை மிக்க ஆண்டுகளை மட்டும் கொழும்பு பெற்றுக்கொண்டது. பழமரத்தை நடாமலும் நீர் வார்க்காமலும் கனியை மாத்திரம் பறிக்கும் ஏற்பாடு இது. கங்காணியிடம் பட்ட முற்பணக் கடன் அவன் காலைக் கட்டிற்று. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி என்னும் நாட்கூலி முறை அவன் வாயைக் கட்டிற்று. ஒண்டுக் குடித்தனத் தோட்டத்தில் ஓர் அறைக்குள் எண்மர் ஒடுங்கிய வாழ்க்கை நகரத்தின் வாடகைச் செலவையும் மிச்சப்படுத்திற்று. மலிவு அவனுடைய குணமன்று. உரிமையற்றவனாக அவனை வைத்திருந்தமையின் விளைவே அது. இதனை மனத்தில் ஆழப் பதித்துக்கொண்டே மேலே செல்லல் வேண்டும்.

இங்கே சிலர் கேட்பர்: வேலை செய்தான், கூலி வாங்கினான், கணக்குத் தீர்ந்தது, மேலும் என்ன உரிமை? பார்வைக்கு வலிமை மிக்க வாதம் இது. உடைமையின் நியாயத்தை உழைப்பிலே கண்ட ஆங்கிலத் தத்துவாசிரியர் ஜோன் லொக், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், மனிதன் தன் உழைப்பை இயற்கையோடு கலக்கும்போது அப்பொருள் அவனுக்கு உரியதாகின்றது என்றார். முதலாளித்துவ உலகம் போற்றும் கோட்பாடு இது. ஆயின் அதே பகுதியில், தன் வேலையாள் வெட்டிய புற்கரணையும் தனது உடைமையாகவே அவர் கணக்கிட்டார். வேலையாளின் உழைப்பு வேலையாளுக்கு ஏன் உரிமை தரவில்லை என்ற வினா அங்கே எழவேயில்லை. கூலியால் கணக்குத் தீர்ந்தது என்போர் நிற்பதும் அந்த இடத்திலேதான். உழைப்புச் சக்தி விலைக்கு வாங்கப்படலாம். ஆனால் அச்சக்தியைத் தனியே பொட்டலமாகக் கட்டிக் கப்பலேற்ற எந்த விஞ்ஞானமும் வழி காணவில்லை. அதனோடு ஒரு மனிதன் வருகின்றான். அவன் பசிக்கின்றான், மணம் புரிகின்றான், பிள்ளை பெறுகின்றான், கோயில் கட்டுகின்றான், இறக்கின்றான். மனிதனின்றி உழைப்பை மாத்திரம் விரும்பும் நகரம் முடியாத ஒன்றை விரும்புகின்றது. அந்த முடியாமையை மறைப்பதற்காகவே அவனை நூறாண்டு சென்றும் வந்தவன் என்று அழைக்கின்றது.

இஃது இன்று நேற்றுத் தோன்றிய தந்திரமன்று. பண்டை ஏதென்ஸ் நகரிலும் அதன் துறைமுகத்திலும் வாணிகமும் கைத்தொழிலும் செய்தோருட் பலர் மெற்றிக்குகள் எனப்பட்ட அந்நியர். அவர்கள் வரி கொடுத்தனர், போருக்கும் அழைக்கப்பட்டனர், குடியுரிமை மட்டும் பெறவில்லை. தத்துவமேதை அரிஸ்டோட்டில் அங்கே அத்தகைய அந்நியராகவே வாழ்ந்தார். எனினும் சிறந்த நகரத்தில் கைத்தொழிலாளர் குடிமக்களாக இருத்தலாகாது என்றே அவர் எழுதினார். தாமும் வெளியே நிறுத்தப்பட்டவராயிருந்தும், தமக்குக் கீழே நிறுத்தப்பட்டவனை அவர் காணவில்லை. நமது பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்திலே பல தேயத்து மக்கள் பல மொழி பேசிக் கலந்து வாழ்ந்ததைப் பெருமையுடன் கூறுகின்றது. அத்துறையில் வந்து குவிந்த பண்டங்களுள் ஈழத்து உணவையும் எண்ணுகின்றது. பண்டங்களை வரிசைப்படுத்திய அளவுக்கு அவற்றைச் சுமந்த தோள்களைப் பற்றி அப்பாட்டு நீண்டு பேசவில்லை. அறிஞரின் அறிவும் புலவரின் கனிவும்கூடத் தம் காலத்துக் கணக்கேட்டை முற்றிலும் தாண்டுவதில்லை என்பதையே இவை காட்டுகின்றன.

கொழும்புத் தொழிலாளர் ஒரு காலத்தில் அக்கணக்கேட்டைத் தாண்டினர் என்பதையும் சொல்லல் வேண்டும். ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் 1923 இல் நிகழ்ந்த பொது வேலைநிறுத்தத்திலும் 1927 இன் துறைமுக வேலைநிறுத்தத்திலும் சிங்களவரும் தமிழரும் மலையாளிகளும் முஸ்லிம்களும் தோளோடு தோள் நின்றனர். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் அக்காலத்தில் குணசிங்கவோடு சேர்ந்து உழைத்தார். கிட்டங்கிச் சொந்தக்காரருக்கு அவ்வொற்றுமை பேரச்சத்தைத் தந்தது. ஆயின் உலகப் பொருளாதார நெருக்கடி வந்து வேலையின்மை பெருகியதும் நிலைமை மாறிற்று. அதே குணசிங்க 1930களில் மலையாளத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார். 1933 இல் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர் எதிர்ப்புறம் நின்றார். கொல்வின் ஆர். டி சில்வா முதலான இளைஞர் வேலைநிறுத்தக்காரரின் பக்கம் நின்றனர். இரண்டாண்டுகளில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றிற்று. குணசிங்கவைத் தீயவர் என்று ஒதுக்கிவிட்டு நாம் நிம்மதியடைதல் கூடாது. நாட்டின் முதற் பெரும் தொழிற்சங்கத் தலைவரே இவ்வாறு திரும்பக்கூடுமாயின், நெருக்கடி வரும்போது எவரும் திரும்பக்கூடும். அதுவே அந்த வரலாறு தரும் பாடம்.

அதன்பின் நிகழ்ந்தவை விரைந்து நிகழ்ந்தன. குடியேற்றம் பற்றி ஆராய்ந்த ஜாக்சன் ஆணைக்குழுவின் அறிக்கை 1938 இல் வெளிவந்தது. வந்த தொழிலாளர் இலங்கையரின் வேலையைப் பெருமளவிற் பறித்துக்கொண்டனர் என்ற முடிவுக்கு அவ்வறிக்கை வரவில்லை. எனினும் அடுத்த ஆண்டே, 1934 ஏப்ரலுக்குப் பின்னர் அரசாங்கத் திணைக்களங்களிற் சேர்ந்த இலங்கையரல்லாத நாட்கூலித் தொழிலாளரை நீக்க அரசாங்கம் முடிவு செய்தது. ஜவஹர்லால் நேரு வந்து பேசியும் பயன் விளையவில்லை. 1939 ஜூலையில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றிற்று. ஆகஸ்டில் இந்தியா தன் தொழிலாளர் இங்கு வருவதைத் தடை செய்தது. சுதந்திரத்தின் பின் 1948 இன் பிரசாவுரிமைச் சட்டமும் 1949 இன் சட்டங்களும் இந்திய வம்சாவளித் தொழிலாளரின் பிரசாவுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. தமிழ்த் தலைவர்களுள்ளும் ஒரு பகுதியினர் இப்பாதையில் உடன் சென்றனர். நாடற்றோரின் தொகை 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9,75,000 எனக் குறிக்கப்பட்டது. மனிதரை இரு அரசுகள் மூட்டைகளைப் போல எண்ணிப் பங்கிட்டன. 2003 ஆம் ஆண்டின் சட்டமே எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்க வழி செய்தது. நகரை நாள்தோறும் துடைத்தவன் அந்நாட்டின் ஏட்டில் இடம் பெற அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தான்.

நேர்மையாகச் சிந்திப்போர் எதிர்த்தரப்பின் ஒரு வாதத்தைப் புறக்கணித்தலாகாது. புதிதாக வருவோரைக் கொண்டு உள்ளூர்த் தொழிலாளியின் கூலியை முதலாளி குறைக்கின்றான் என்பது பல வேளைகளில் உண்மை. வேலைநிறுத்தத்தை முறியடிக்க வெளியிலிருந்து ஆள் கொண்டுவரும் வழக்கமும் உலகெங்கும் உண்டு. வேலையிழந்த சிங்களத் தொழிலாளியின் பசி பொய்ப் பசியன்று. அவனுடைய சினத்தை அறியாமை என்று நாம் எள்ளி நகையாடலாகாது. ஆயின் கூலியைக் குறைக்கும் கருவி எது என்பதை அவனோடு சேர்ந்து ஆராய்தல் வேண்டும். வந்தவனின் உடல் அக்கருவியன்று. அவனுடைய உரிமையின்மையே அக்கருவி. நாடு கடத்தப்படுவோம் என்ற அச்சமுள்ளவன் குறைந்த கூலிக்கு இணங்குவான். சம உரிமையும் சங்கமும் உள்ளவன் இணங்கமாட்டான். ஆகவே வந்தவனின் உரிமையைப் பறிப்பது உள்ளூரானின் கூலியைக் காக்காது, மேலும் குறைக்கும்.

நமது நாட்டு வரலாறே இதற்குச் சான்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளருக்கு அத்தொழிலாளரின் வாக்குகள் துணை நின்றன. 1952 தேர்தலில் காங்கிரசுக்கு ஓர் உறுப்பினரும் இல்லை. தொழிலாளர் குரல் அந்த அளவுக்கு நலிந்த பாராளுமன்றத்தின் காலத்தில், 1953 இல், கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏறிற்று. அந்த விலையேற்றம் இந்திய வம்சாவளியினனின் அடுப்பை மாத்திரம் அணைக்கவில்லை. அவனை வெளியேற்றக் கைதட்டியவனின் பானையும் அன்று காலியாயிற்று. ஆகஸ்டு 12 ஆம் நாள் ஹர்த்தாலில் மக்கள் தெருவில் இறங்கித் தேட வேண்டியிருந்த வலிமையின் ஒரு பகுதி, முன்னரே வாக்குச் சீட்டோடு சேர்த்துப் பறிக்கப்பட்டிருந்தது.

பகைவரின் வாதத்தைப் போலவே நண்பரின் வாதத்தையும் சோதித்தல் வேண்டும். வந்தவர்களுக்காகப் பரிந்து பேசும் நல்லோர், அவர்களாலே நகரத்துக்கு எத்துணைப் பயன் என்று பட்டியலிடுவர். நாமும் மேலே அத்தகைய பட்டியல் ஒன்றையே தந்தோம். அது மறக்கப்பட்ட உண்மையாதலின் சொல்லத்தக்கது. ஆயின் உரிமையின் அடிப்படையாக அதை வைத்துவிடுதல் அபாயமானது. பயன் உள்ளவரை இருக்கலாம் என்பது அதன் மறுபக்கம். துறைமுகத்திலே பாரந்தூக்கி இயந்திரங்கள் வந்தபின் மூட்டை சுமந்தவனால் என்ன பயன்? முதுகு வளைந்த கிழவனால், நோயாளிப் பெண்ணால், வேலையற்ற இளைஞனால் என்ன பயன்? மாட்டை அடிமாட்டுக்கு விற்பவனும் பயனைக் கணக்கிட்டே விற்கின்றான். மனிதன் நகரத்தில் வாழும் உரிமை அவனுடைய பயனுக்கு நகரம் தரும் பரிசு அன்று. பலருடைய உழைப்புப் பின்னிப் பிணைந்து உருவான பொதுவாழ்வே நகரம். அப்பொதுவாழ்வுக்குள் ஒருவனை இழுத்துக்கொண்ட பின், அவனைப் பங்காளி என்று ஏற்பதைத் தவிர நியாயமான வழி வேறில்லை. பங்காளி மூப்படைந்தாலும் பங்காளியே. உழைப்பு அவனை நம்மோடு பிணைத்தது. உழைப்பு ஓய்ந்ததும் பிணைப்பு அறுந்துவிடாது.

இப்பிரச்சினை பழங்கதையாகிவிட்டதோ எனின், இல்லை. இன்று புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளரிடையேயும், உணவகங்களின் அடுப்பங்கரையிலும், புடைவைக் கடைகளிலும், வெள்ளவத்தையின் அடுக்குமாடி வீடுகளிலும் ஹற்றனிலிருந்தும் பதுளையிலிருந்தும் வந்த மலையக இளைஞரையும் பெண்களையும் காண்கின்றோம். அவர்கள் இந்நாட்டின் பிரசைகள். சட்டப்படி எவருக்கும் அந்நியரல்லர். ஆயினும் நியமனக் கடிதமில்லை. வேலை நேரத்துக்கு வரையறையில்லை. கடைக்கு மேல் மாடியிலே பாய் விரித்துப் படுக்கை. 2020 ஒக்டோபரில் ஆற்றுக்கு அப்பாலுள்ள பேலியகொடை மீன் சந்தையில் கொரோனாத் தொற்றுப் பரவியபோது கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளிப் பகுதிகள் வாரக்கணக்கில் முடக்கப்பட்டன. நாட்கூலி நின்றது. அப்போது நகரம் இம்மக்களை நோயின் இருப்பிடமாகக் கண்டதேயன்றித் தன்னைத் தாங்கும் தூணாகக் காணவில்லை. நகரின் கழிவும் இவர்கள் பக்கமே கொட்டப்பட்டது. முதலில் புளூமெண்டாலிலே குப்பை மலையாக எழுந்தது. பின்னர் மீதொட்டமுல்லையில் எழுந்தது. 2017 ஏப்ரல் 14 ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தில், அம்மலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நகரைச் சுத்தமாக வைத்திருப்போரின் அயலிலே நகரின் அழுக்கைக் குவிப்பது எந்த நியாயத்தின் பாற்பட்டது?

மறுபுறம், இந்நாடே இன்று தொழிலாளரை வெளியே அனுப்பி உண்கின்றது. 2023 ஆம் ஆண்டில் வெளிநாட்டு உழைப்பாளர் அனுப்பிய பணம் ஏறத்தாழ 600 கோடி அமெரிக்க டொலர். 2022 இன் நெருக்கடியில் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற மக்களுக்கு அப்பணத்தின் பெறுமதி நன்கு தெரியும். கிராண்ட்பாஸின் தோட்டங்களிலிருந்தே எத்தனை தாய்மார் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குச் சென்றுள்ளனர்! அங்கே அவர்களின் கடவுச்சீட்டைப் பறித்து வைத்துக்கொள்வதையும் கூலி கொடாது துன்புறுத்துவதையும் கேட்டு நாம் கொதிக்கின்றோம். அக்கொதிப்பு நியாயமானது. அங்கே நம் சகோதரிக்கு எந்த உரிமையைக் கேட்கின்றோமோ, அதனையே இங்கே நம் வீட்டுச் சமையலறையில் நிற்கும் மலையகச் சிறுமிக்கும் கேட்டாலன்றி அக்கொதிப்பு அறமாகாது. உறவுப் பாசமாக மட்டுமே நின்றுவிடும்.

தமிழ் மத்தியதர வர்க்கத்தினராகிய நமக்கு இங்கே தனியான பொறுப்பொன்றுண்டு. கொழும்பிலே தமிழருக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை நாம் நன்கறிவோம். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகள் நம் நெஞ்சில் ஆறாத வடுக்கள். வந்தேறிகள் என்று நம்மைத் துரத்தியபோது அச்சொல்லின் சூட்டை நாம் உணர்ந்தோம். ஆயினும் அதே நாவினால் தோட்டக்காட்டான் என்னும் இழிசொல்லை நம்மவர் வழங்குவது இன்னும் ஓயவில்லை. வீதி கூட்டும் தொழிலாளியின் சாதியை விசாரித்துத் தண்ணீர்க் குவளையை வேறாக வைக்கும் வீடுகளும் இருந்தன. இல்லாதொழிந்தன என்று உறுதி கூற எவர் முன்வருவர்? கணியன் பூங்குன்றனாரை மேடைதோறும் முழங்குவதற்கு முன், நம் வீட்டு வாயிலில் நிற்பவனை எவ்விடத்தில் இருத்துகின்றோம் என்று பார்த்தல் வேண்டும். வந்தான் வரத்தான் என்ற சொல் சிங்களவன் வாயில் இனவாதமாகவும் நம் வாயில் வெறும் வழக்காறாகவும் இருக்க முடியாது.

இவ்வாராய்ச்சியால் நாம் காண்பது இதுவே: நகரத்தின் மீதான உரிமை, முன்னே வந்தமையாலோ மொழியாலோ சொத்தாலோ வருவதன்று. அதன் பொதுவாழ்வைச் சேர்ந்து ஆக்குவதனால் அது வருகின்றது; ஆக்கியவனின் ஓய்விலும் அது நிலைக்கின்றது. இதிலிருந்து சில கடமைகள் பிறக்கின்றன. கடையிலும் உணவகத்திலும் வீட்டிலும் வேலை செய்வோருக்கு நியமனக் கடிதமும் ஊழியர் சேமலாப நிதியும் வரையறுத்த வேலை நேரமும் கிடைக்கும் வரை தொழிற்சங்கங்கள் ஓயலாகாது. பழந்தோட்டங்களை இடித்து மாடிவீடு கட்டுவோர், அங்கே தலைமுறையாக வாழ்ந்தோரின் விருப்பத்தைக் கேட்டே கட்டல் வேண்டும். ஆசிரியர்களாகிய நாம் துறைமுகத்தின் வரலாற்றைக் கற்பிக்கும்போது, கல்லை நாட்டிய இளவரசரோடு நின்றுவிடாது, கல்லைச் சுமந்த மக்களையும் கற்பித்தல் வேண்டும். மாணவர்கள் தத்தம் குடும்பம் எவ்வூரிலிருந்து, எந்த ஆண்டில், எத்தொழிலுக்காகக் கொழும்பு வந்தது என்று தம் பெரியோரிடம் கேட்டு எழுதிப் பார்க்கட்டும். ஒரு வகுப்பிலே நாற்பது பிள்ளைகள் அவ்வாறு எழுதினால், பெருந்துறை என்று பெயர் பெற்ற இந்நிலத்திலே வாராதவர் எவருமிலர் என்பது அவர்களுக்கே விளங்கும். பின்னர் எவனை நோக்கி அவர்கள் அச்சொல்லை எறிவர்?